இருபதுக்குப் பத்து மாமன்

4 மே, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மீசை வைக்கும் நாள். துணி துவைத்துக் காயப்போட்டு, தலைக்குக் குளித்து, சன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, ஆப்பில் போட்டு 'ஆண்' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். நாலு நொடி ஒரு வட்டம் சுற்றும். பிறகு மீசை, குறுந்தாடி, அகன்ற தாடை, ஒட்ட வெட்டிய முடி சகிதம் ஒருவன் வந்து நிற்பான். அவனை அக்காவுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த ஞாயிறு வரை நிம்மதி.

இதே ஆப்பை இரண்டு வருடத்துக்கு முன் போனில் ஏற்றியபோது அழுத்தியது பக்கத்துப் பொத்தானை. அப்போது எனக்கு நிஜ மீசை இருந்தது. 'பெண்' என்று அழுத்தியதும் மீசை போய் ஒருத்தி வந்தாள். பேருந்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் திருமங்கலத்தில் இறங்காமல் கள்ளிக்குடி வரை போய்விட்டேன். அதன் பிறகு மதுரை ஆஸ்பத்திரி, பதினோரு மாதமாக மாத்திரை, முகத்துக்கு லேசர். இப்போது மீசைக்குத்தான் ஆப் தேவைப்படுகிறது.

அக்காவிடம் போன வருடமே சொல்லிவிட்டேன். அக்கா பெயர் பஞ்சவர்ணம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். அப்பா அம்மா இருவரும் போய்விட்டதால் அவளுக்கு நான், எனக்கு அவள். போனில் விஷயத்தைச் சொன்னதும் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நீ என்னவா வேணாலும் இருந்துக்க. ஆனா எம் மகளுக்குக் காது குத்துற அன்னிக்கு மட்டும் எனக்குத் தம்பியா வந்து நில்லுடா. மடியில வச்சுக் காது குத்த ஒரு மாமன் இல்லைன்னா, பொறந்த வீட்டுல நாதி இல்லாதவன்னு எங்க மாமியா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும்."

ஒத்துக்கொண்டேன். ஒரு நாள்தானே. காதுகுத்து ஜூன் எட்டு. அதுவரை புகுந்த வீட்டாருக்குக் காட்ட, தம்பி தம்பியாகத்தான் இருக்கிறான் என்பதற்கு வாரம் ஒரு போட்டோ.

'இந்த வாரம் மீசை கொஞ்சம் கம்மியா இருக்கு' என்று பதில் வந்திருக்கிறது. ஆப்பில் மீசையைக் கூட்டக் குறைக்க ஒரு கோடு உண்டு. எழுபதிலிருந்து எண்பத்தைந்துக்கு நகர்த்தி மறுபடி அனுப்பினேன்.

6 மே, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஃபிளெக்ஸ் கடையில் இன்று ஒரு அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளை, ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முன்னந்தலைக்கு முடி கேட்டார், போட்டேன். தொப்பை வேண்டாம் என்றார், எடுத்தேன். வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னார். அந்தம்மாவின் மூக்கை லேசாகக் கூர்மையாக்க முடியுமா என்றும் கேட்டார், அந்தம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. கடைசியில் திரையில் வேறு யாரோ ஒரு தம்பதி நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எங்களையாட்டமே இருக்கு" என்றார்.

எட்டு வருடமாக இந்த வேலை. செத்தவருக்குச் சட்டை போட்டுவிட்டிருக்கிறேன், வட்டச் செயலாளருக்குத் தாடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் எவரும் சொந்த முகத்தோடு பேனரில் ஏறியதில்லை. நான் ஒருத்திதான் ஆஸ்பத்திரி வரை போய்ச் சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மை வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி எட்டு மாதமாகக் கடையில் மாஸ்க் போடுகிறேன். முதலாளி சந்தனக்குமார் அண்ணன் ஒன்றும் கேட்டதில்லை. அவருக்கு எழுத்து வரிசை நேராக இருந்தால் போதும். இன்று திடீரென்று கடை பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து கதவை ஒரு காலால் பிடித்துக்கொண்டுதான் போய் வந்தோம். இப்போது எதற்கு இந்தச் செலவு என்று தெரியவில்லை.

11 மே, ஞாயிறு

மீசை எண்பத்தைந்தோடு இன்றைய போட்டோ போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடம் அக்கா வீட்டுக்காரர் சோலைமலை கூப்பிட்டார். நல்ல மனிதர். எதையும் மெதுவாக யோசிப்பார், யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்.

"மாப்ள, ஜிம்முக்குப் போறியா? தாடையெல்லாம் சும்மா கடப்பாரையாட்டம் இருக்கு."

"வெளிச்சம் அப்படி, மாமா."

"எங்க பெரியப்பா மக வீட்டுல ஒம் போட்டோவப் பாத்துட்டு ஜாதகம் கேக்குறாய்ங்க. பொண்ணு நர்சு."

ஜாதகம் தொலைந்துவிட்டது என்றேன். உடனே அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனது கேட்டது. கோழிச் சத்தம் வந்தது.

"நான் எதும் சொல்லலடா. அவராத்தான் காட்டிட்டாரு." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது. எனக்கு இவன ரொம்பப் புடிச்சிருக்கு."

"எவன?"

"இந்தப் போட்டோல இருக்கறவன. ஒரு வாய்க்கா தகராறுன்னா எனக்காக வந்து நிப்பான் போல இருக்கான்."

நான் எந்த வாய்க்கால் தகராறுக்கும் போய் நின்றதில்லை. மீசை இருந்த காலத்திலேயே சண்டை என்றால் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆள். இது அவளுக்குத் தெரியாததா. போனை வைத்த பிறகு அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறான். எனக்கு அவன் மேல் எந்தக் கோபமும் இல்லை. போனிலிருந்து அவனுடைய பழைய படங்களை எல்லாம் அழித்தது இடம் போதவில்லை என்பதற்காக.

14 மே, புதன்

மாத்திரை தீர்ந்தது. மதுரை போக வேண்டும். தயிர், ஷாம்பு, சேஃப்டி பின்.

18 மே, ஞாயிறு

ஆப் கெட்டுப்போய்விட்டது.

வழக்கம்போலப் போட்டோ எடுத்துப் போட்டேன். விரல் தவறி 'பெண்' மேல் பட்டுவிட்டது. வட்டம் சுற்றியது, நின்றது. படம் அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சுற்றியது. அதே முகம், அதே கலைந்த முடி, பின்னால் கொடியில் காயும் அதே துண்டு. நெட் இல்லையோ என்று மொட்டை மாடிக்குப் போய் அழுத்திப் பார்த்தேன். ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒரு முடி எண்ணெய் விளம்பரத்தை முழுதாகப் பார்க்கச் சொன்னது, பார்த்தேன். அப்புறமும் அப்படியே.

வேலை செய்கிறதா என்று சோதிக்க வீட்டுக்காரர் படத்தைப் போட்டு 'பெண்' அழுத்தினேன். மாடி வாடகைக்கு விட்டிருக்கும் அந்த அய்யா கம்மலும் குண்டு மூக்குமாகச் சட்டென்று ஒரு பெரியம்மாவாக வந்து நின்றார். ஆக, மற்றவர்களுக்கு வேலை செய்கிறது.

பழைய போனில் இருந்த, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பெண் படத்தைத் தேடி எடுத்து இன்றைய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் கொஞ்சம் வெளுப்பு. என் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது, அவளுக்கு இல்லை. மற்றபடி சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சோறு வடிக்க மறந்து குழைந்துபோனது. அதையே மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக மோர்ச்சோறு சாப்பிட்டதே இல்லை.

அக்காவுக்கு 'ஆண்' அழுத்தி அனுப்ப மாலை ஆறு மணி ஆகிவிட்டது. இந்த முறை ஆப் தடுமாறியது. மீசையை வைத்துவிட்டு உதட்டுக்குச் சாயமும் பூசிவிட்டது. கணினியில் ஏற்றி உதட்டை நானே சரிசெய்ய வேண்டியதாயிற்று.

20 மே, செவ்வாய்

சோலைமலை மாமா பேனருக்குச் சொல்லிவிட்டார். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் வைக்க, இருபது அடிக்குப் பத்து அடி. தாய்மாமனை வரவேற்கும் பேனரை மாமன்காரன் கையாலேயே அடிக்கச் சொல்வது முறையா என்று கேட்டேன். "ஒன் வேல சுத்தமா இருக்கும்ல, மாப்ள. பின்னாடி ஒரு சிங்கம் போட்ரு" என்றார்.

உட்கார்ந்து செய்தேன். தலை, ஆப் கொடுத்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்டு நிற்கும் உடம்பு, எங்கள் கடையில் எல்லோருக்கும் ஒட்டுவது. மூன்று கட்சி, நாலு சாதிச் சங்கம், எண்ணற்ற மாப்பிள்ளைகள் அந்த உடம்பில்தான் ஏறியிருக்கிறார்கள். யாருடைய உடம்பு என்று யாருக்கும் தெரியாது. சிங்கம் இணையத்திலிருந்து. 'தாய்மாமன் தவமணி அவர்களே, வருக வருக' என்பதில் தவமணி மட்டும் என்னுடையது. எங்கள் பக்கம் தவமணி என்று ஆணும் இருக்கிறார்கள், பெண்ணும் இருக்கிறார்கள். பெயர் மாற்ற அலையும் வேலை எனக்கு மிச்சம்.

சந்தனக்குமார் அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். மாஸ்க் போட்ட என்னைப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"நாந்தாண்ணே."

"ஓகோ" என்றார். பிறகு, "சிங்கத்த இன்னும் அரை அடி எறக்கு. ஒந் தலையில ஏறிட்டு நிக்கிது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

27 மே, செவ்வாய்

போட்டோவுக்கு ஆப் இருக்கிறது, நேரில் போக என்ன செய்வது என்று அக்காவும் நானும் ஒரு மணி நேரம் போனில் பேசினோம். முடிவு: வேட்டி, தொளதொள சட்டை, தலைக்குத் துண்டால் உருமால். மீசைக்கு, மதுரையில் நாடகக்காரர்களுக்கு ஒப்பனைச் சாமான் விற்கும் கடை.

போனேன். கடைக்காரர், "எந்த வேசத்துக்கும்மா?" என்றார்.

"தாய்மாமன்" என்றேன்.

அவர் யோசித்துவிட்டு, "ராஜா, மந்திரி, போலீசு இருக்கு. தாய்மாமன்னு தனியா வரல" என்றார். போலீஸ் வாங்கிக்கொண்டேன்.

30 மே, வெள்ளி

ஒத்திகை. மீசையை ஒட்டிக்கொண்டு மாஸ்க் இல்லாமல் கடைக்குப் போனேன். எட்டு மாதத்துக்குப் பிறகு வெளிக்காற்று முகத்தில் படுகிறது, அதுவும் போலீஸ் மீசையைத் தாண்டி. டீக்கடைக்காரர் தம்ளரை நீட்டியபடி அப்படியே நின்றார்.

சந்தனக்குமார் அண்ணன் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நான் என்ன சொல்லலாம் என்று நாலு பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் வாயைத் திறந்து, "கோணலா இருக்கும்மா. எடது பக்கம் ரெண்டு மில்லி மேல தூக்கணும்" என்றார்.

இடது பக்கத்தைத் தூக்கினேன். 'மா' என்று அவர் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

3 ஜூன், செவ்வாய்

பேனர் விலக்கில் ஏறிவிட்டது. அக்கா படம் அனுப்பியிருக்கிறாள். சட்டத்துக் கம்பில் யாரோ ஆடு கட்டியிருக்கிறார்கள். சிங்கம் ஆட்டைப் பார்க்கிற மாதிரி அமைந்துவிட்டது. ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகிறதாம். மாமியார் வெள்ளத்தாயி முதன்முறையாக அக்காவிடம், "ஒந் தம்பி ஆளு நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அக்காவின் பிறந்த வீட்டைப் பற்றி அந்தம்மா வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அக்காவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு கேட்டாள்: "டேய், நெசத்துல நீ எப்படிடா இருக்க?"

"நல்லா இருக்கேன்க்கா."

"நான் அதைக் கேக்கல."

சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு அவன் தேவைப்படுகிறான். ஐந்து வருடமாகத் தேவைப்பட்டவன் இப்போதுதான் வந்திருக்கிறான், அதுவும் இருபதுக்குப் பத்தில். எட்டாம் தேதி அவனுக்குப் பதிலாக நான் போய் இறங்கினால் அவள் முகம் எப்படி மாறும் என்பதைத்தான் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

7 ஜூன், சனி

வேட்டி தேய்த்தாயிற்று. மீசைக் கோந்து, பஞ்சு, கண்ணாடி எடுத்து வைத்தாயிற்று. நான் பணம் அனுப்பிய சீர் சாமான்களை விலக்கிலேயே இறக்கி வைத்துவிடுவதாகவும் நான் ஆளாக வந்தால் போதும் என்றும் சோலைமலை மாமா சொல்லிவிட்டார். மாமன் வாங்க வேண்டிய கம்மல் மட்டும் என் கையில். பயம் எதுவும் இல்லை. வேட்டியை மூன்று தரம் தேய்த்தது சுருக்கம் போகவில்லை என்பதற்காக.

8 ஜூன், ஞாயிறு

அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

காலை ஏழு மணிக்கு வேட்டி, சட்டை, உருமால், மீசையோடு உசிலம்பட்டிப் பேருந்தில் ஏறினேன். ஆம்பிளையாட்டம் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர் வந்தார். நோட்டை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மகளிர் இலவசச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

"நாடகத்துக்காம்மா?" என்றார். "மீச தொங்குது பாருங்க."

உண்மைதான். வேர்வையில் வலது பக்கம் கழன்று வாய்க்குள் வந்திருந்தது. லேசர் பட்ட தோல் கோந்தில் எரிந்தது. பெண்ணாகத் தெரிவேனா என்று இரண்டு வருடம் கவலைப்பட்டவள் நான். போலீஸ் மீசை வைத்தும் ஆணாகத் தெரிய முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீசையை உரித்துப் பைக்குள் போட்டேன். இறங்கித் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கம்மல் என்னிடம் இருந்தது.

விலக்கில் கொட்டுமேளம், மாலை, சீர்த்தட்டு எல்லாம் தயாராக நின்றன. மாமனை வரவேற்க வந்தவர்கள் அனைவரும் சோலைமலை மாமாவின் பங்காளிகள், என்னை நேரில் பார்த்திராதவர்கள். தலைக்கு மேல் பேனர். நான் முன்படியில் இறங்கினேன்.

"எக்கா, செத்த ஒதுங்குங்க. மாமா எறங்கணும்" என்றார் ஒருவர்.

பின்படியில் ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, குறுந்தாடி, முறுக்கிய மீசை, அகன்ற தாடை. ஆப் போட்டுக் கொடுக்கும் முகம் பொதுவான முகம்தான், மாவட்டத்தில் பத்துப் பேருக்காவது இருக்கும். அந்தப் பத்தில் ஒருவர் இன்று காலை அந்தப் பேருந்தில் வந்திருந்தார். பங்காளிகள் பேனரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மேளம் வெடித்தது. மாலை விழுந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது தெரிந்தது, சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் அவரைத் தோளோடு அணைத்து நடத்திக்கொண்டு போனார்கள்.

நான் முன்னால் போய், "நாந்தான் தவமணி" என்றேன். மேளக்காரருக்குக்கூடக் கேட்கவில்லை. ஒரு பெரியம்மா என் கையில் வாழைப்பழத் தட்டைத் திணித்து, "வேடிக்க பாக்காமத் தூக்குடி, வெயில் ஏறுது" என்று வரிசையில் தள்ளிவிட்டது. என்னுடைய சீரைத் தூக்கிக்கொண்டு, என் மாமன் முறையை வேறொருவர் வாங்கிக்கொண்டு போவதற்குப் பின்னால், பெண்களோடு பெண்ணாக முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். உருமால் பாதி வழியிலேயே அவிழ்ந்து முடி தோளில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டி கட்டியிருக்கிறாளே என்று ஒருத்தி கேட்டதற்கு, இன்னொருத்தி வேண்டுதலாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

கோயிலில் அவரைப் பாயில் உட்காரவைத்தார்கள். என்னை அக்கா கல்யாணத்தில் ஒரு தரம் பார்த்ததோடு சரியான வெள்ளத்தாயி வந்து, "வாப்பா, படத்துல பாத்ததுக்கு ஒரு சுத்து எளச்சிருக்க" என்றது. சோலைமலை மாமா பிரியாணி அண்டாப் பக்கம் இருந்தார். அக்கா, தன் மகள் நறுமுகைக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, "மாமா, கம்மலக் குடுங்க" என்றார்.

அவர் சட்டைப் பையைத் தடவி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

"சொட்டுநீர்க் குழாய் கம்பெனிங்க" என்றார். "இந்த ஊர்ல வரவேற்பு நல்லா இருக்கும்னு மேனேஜர் சொன்னாரு. இவ்வளவு இருக்கும்னு நான் எதிர்பாக்கல."

அப்போதுதான் அக்கா வந்தாள். இடுப்பில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நறுமுகை. பாயில் மாலையோடு இருந்த மனிதரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அந்தத் தாடை, அந்த மீசை. வாராவாரம் அவள் போனுக்கு வந்தவன் ரத்தமும் சதையுமாக எதிரே உட்கார்ந்திருந்தான்.

"யாரு இது?" என்றாள்.

"ஒந் தம்பின்னுல்ல கூட்டிட்டு வந்தோம்" என்றார் ஒரு பங்காளி.

வெள்ளத்தாயிக்குக் குழப்பம் பிடிபட்டுவிட்டது. ஆனால் அந்தம்மா ஊரையும் பார்த்தது. இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் விலக்கில் பேனரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். குனிந்து அக்காவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "ஆளு படத்துல உள்ள மாதிரியேதான இருக்காரு. பேசாமக் குத்தி முடிச்சிரு. யாருக்குத் தெரியப் போகுது."

குழாய் கம்பெனிக்காரரும் நல்ல மாதிரி. "எனக்கும் கூடப் பொறந்த அக்கா இருக்காங்க. ஒரு அஞ்சு நிமிசந்தான, எனக்கு ஒண்ணும் இல்லங்க" என்று சப்பணத்தைச் சரிசெய்துகொண்டார்.

இதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஆசைப்பட்ட தம்பி வந்துவிட்டான், எந்தக் குறையும் இல்லாமல். அவள் தலையாட்டினால் கம்மலைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பேருந்தில் போய்விடுவது என்று முடிவுசெய்து, தட்டோடு ஒரு அடி பின்னால் வைத்தேன். எனக்கு அழுகையாக வந்தது. பயமாகவும் இருந்தது. எனக்கும் உலகத்தில் அவள் ஒருத்திதானே.

அக்கா நிமிர்ந்து கூட்டத்தைத் தேடினாள். சீர்த்தட்டோடு நின்ற பெண்கள் மேல் அவள் கண் ஒவ்வொருவராக வந்தது. என்னை அவள் நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. இந்த முகத்தைப் போட்டோவில்கூட அவளுக்கு நான் காட்டியதில்லை. என் மேல் வந்த கண் அப்படியே நின்றது.

"அத்த, அது ஆள் மாறிப்போச்சு. அவரு பாவம், எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததை எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டது: "அப்ப ஒம் பொறந்த வீட்டுல, மாமன்னு வந்து நிக்க ஒருத்தன் இல்லையா?"

இந்த ஒரு கேள்வி வரக் கூடாது என்றுதான் வாரம் ஒரு மீசை, போலீஸ் மீசை, சிங்கம் எல்லாம். மேளக்காரர்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்லத்த" என்றாள் அக்கா. "தங்கச்சி இருக்கா. அவ மடியில வச்சுத்தான் எம் மகளுக்குக் காது குத்தணும்."

பிறகு என்னைப் பார்த்து, "வாடி" என்றாள்.

தட்டை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. சோலைமலை மாமா கரண்டியோடு ஓடி வந்தார். "மாப்ள" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அவர் யோசிப்பதை மொத்தக் கூட்டமும் காத்திருந்து பார்த்தது. "அப்ப இது எனக்குக் கொழுந்தியா முறையாகுது" என்று முடிவுக்கு வந்தார். "ஒக்காரும்மா. நாழியாகுதுல்ல."

சித்தி மடியில் காது குத்துகிற வழக்கம் எங்கேயாவது உண்டா என்று ஒருவர் ஆசாரியைக் கேட்டார். ஆசாரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு மடி ஆடாம இருந்தா போதும். புள்ளையக் கெட்டியாப் பிடிங்கம்மா" என்றார்.

நறுமுகை என் மடிக்கு வந்தாள். முதல் காதுக்கே கோயில் இடிகிற மாதிரி கத்தி என் கையைக் கடித்துவிட்டாள். நாலு பல் பதிந்திருக்கிறது. நான் மடியை ஆட்டவில்லை. இரண்டாவது காதும் முடிந்தது.

வெள்ளத்தாயி என்னோடு பேசவில்லை. பந்தியில் மாமனுக்குப் போடும் முதல் இலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் எனக்கொன்றும் குழாய் கம்பெனிக்காரருக்கொன்றும் போட்டார்கள். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு ஏக்கருக்குக் குழாய் விற்றுவிட்டார்.

சாயங்காலம் பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வைக்கோல்போருக்கு மூடாக்காகுமாம். அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்தோம்.

"இவன நெனச்சாக் கொஞ்சம் கஷ்டமாத்தாண்டி இருக்கு" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா."

மடித்ததைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏய், இது அம்மா மூக்குடி. இத்தன நாளா இத எங்க வச்சிருந்த?"

"இங்கதான்க்கா இருந்துச்சு. நீ மீசையவே பாத்துக்கிட்டு இருந்துட்ட."

அக்கா தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே நறுமுகை காது வலிக்கிறதென்று அழ ஆரம்பித்த பிறகும் எடுக்கவில்லை.